ம வராத லேப்டாப்பும் தமிழ் 99ம்: 13 வருஷ அனுபவம்

போன வாரம் என்னோட பழைய இலவச லேப்டாப்புக்கு மூணாவது தடவையா கீபோர்ட் மாத்தினேன், கூலியோட 1,100 ரூபா ஆச்சு. அத கேள்விப்பட்டு பெரியப்பா பையன் அண்ணன் போன் பண்ணி, "ஏண்டா தம்பி, பாப்பா ப்ளஸ் ஒன் போறா, எங்க கொழுந்தியாளோட லேப்டாப்பும் இதே மாதிரி ஒண்ணு பரண்ல கெடக்கு, ரெடி பண்ணி குடுத்துடலாமா"ன்னு கேட்டாரு. போன்ல ரெண்டு வார்த்தைல சொல்லி முடியற விஷயம் இல்ல, அதான் இங்க எழுதறேன்.

இது 2011 செப்டம்பர் 15ல ஜெயலலிதா தொடங்கி வச்ச, மாணவர்களுக்கு இலவச லேப்டாப் குடுக்கற திட்டத்துல வந்தது, எனக்கு கைக்கு வந்தது 2012ல ப்ளஸ் டூ படிக்கும்போது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் விண்டோஸ் மாதிரியே வேலை செய்யற பாஸ் லினக்ஸ்ங்கற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பேட்டரி ரெண்டு வருஷத்துல போச்சு, அப்புறம் சார்ஜர் சொருகித்தான் ஓடுது. ஸ்க்ரீன் இன்னிக்கு வரைக்கும் ஒரு கோடு கூட விழல. ரேம் ஏத்தி எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க் போட்டதும் இன்னும் பத்து வருஷம் ஓடும்னு தோணுச்சு.

நான் தமிழ் மீடியம், செங்கம் பக்கம் கிராமம். எங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல ஒரு வால்யூம் முழுக்க ஸ்டார் ஆபிஸ்ங்கற டைப் பண்ற, கணக்கு போடற சாஃப்ட்வேர், இன்னொரு வால்யூம் சி ப்ளஸ் ப்ளஸ். லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு ஆறு பேர், அதனால மெனுவ எல்லாம் நோட்ல கட்டம் போட்டு வரைஞ்சுதான் மனப்பாடம் பண்ணினோம். லேப்டாப் வந்த அன்னிக்கு ராத்திரி பாஸ் லினக்ஸ்ல, ஸ்டார் ஆபிஸ் வழில வந்த ஓபன் ஆபிஸ தொறந்தா நான் நோட்ல வரைஞ்ச அதே மெனு அதே வரிசைல நிக்குது. வீட்ல நெட் கெடையாது, யாரும் சொல்லிக் குடுக்கவும் இல்ல, ஆனா எங்க எது இருக்குன்னு எனக்கு தெரிஞ்சிருந்துச்சு. அந்த ராத்திரி நான் தூங்கவே இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது தமிழ் 99ங்கற தமிழ் கீபோர்ட் லேஅவுட் பத்தி. கம்ப்யூட்டர் சார் ஒரு பேப்பர்ல கீபோர்ட் படம் பிரிண்ட் எடுத்து குடுத்தாரு. 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசாங்கம் அறிவிச்ச லேஅவுட், அதான் அந்த பேருன்னு சொன்னாரு. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசைல வலது கை பக்கமே க ப ம த. அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, நடுவுல புள்ளி அதுவா விழும். நன்றின்னு அடிக்க ந, ன, ற, இ அடிச்சா போதும், றவுக்கு முன்னாடி வர்ற னவுக்கு புள்ளி வைக்கணும்னு அதுக்கே தெரியுது. கம்ப்யூட்டர்னாலே இங்கிலீஷ், நமக்கு வராதுன்னு பயந்துட்டு இருந்த பையனுக்கு, நம்ம எழுத்தோட இலக்கணத்த இந்த மிஷின் தெரிஞ்சு வச்சிருக்குன்னு பாத்தப்ப என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கு எல்லாரும் போன்ல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழ் வர வைக்கறாங்க, தப்பு சொல்லல, ஆனா ந ன ண மூணுக்கும் எந்த இங்கிலீஷ் எழுத்துன்னு யோசிச்சுட்டே எழுதறது எனக்கு இன்னும் ஒத்து வரல.

இப்போ கோவத்துக்கு வர்றேன். இந்த லேப்டாப்ல 2014லயே ஒரு கீ போச்சு, இங்கிலீஷ் கே (K) இருக்கற கீ. தமிழ் 99ல அதுதான் ம. வேற எந்த எழுத்து போயிருந்தாலும் சமாளிச்சிருப்பேன். காலேஜ் அசைன்மென்ட் இருபது பக்கம், பழைய ஃபைல்ல இருந்து ஒரு ம காப்பி பண்ணி வச்சுட்டு ஒவ்வொரு இடத்துலயும் பேஸ்ட் பண்ணேன், பேஸ்ட் பண்ண மவுக்கு அப்புறம் ஆ அடிச்சா மா வராது, ம தனியா ஆ தனியா நிக்கும், அதனால மா, மி, மு எல்லாத்தையும் தனித்தனியா ஒரு ஃபைல்ல வரிசையா வச்சுக்கிட்டு அங்கிருந்து எடுத்து எடுத்து ஒட்டினேன், விடிஞ்சு போச்சு. அப்புறம் மாத்தின கீபோர்ட், ஒரிஜினல்தான்னு சத்தியம் பண்ணி குடுத்தாங்க, எட்டே மாசம், அதே கே. ரெண்டாவது நாலு வருஷம் ஒழைச்சுது, அப்புறம் அதுலயும் அதே கீதான் மொதல்ல போச்சு. நான் அதிகம் அடிக்கற கீங்கறதால தேயுதுன்னு கடைக்காரர் சொன்னாரு, நியாயம்தான், ம இல்லாத தமிழ் வாக்கியம் எத்தன இருக்கும். ஆனா அப்போ அந்த பக்கத்துல இருக்கற ப, க, த எல்லாம் ஏன் நல்லா இருக்கு? இதுக்கு மட்டும் இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லல.

அதனால அண்ணா, பரண்ல இருக்கறத எறக்காதீங்க. பேட்டரி, கீபோர்ட், ரேம்னு கூட்டிப் பாத்தா செலவு எங்கயோ போயிடும், பாப்பாவுக்கும் வெறுத்துப் போயிடும். 2025 பட்ஜெட்ல காலேஜ் பசங்க 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தர்றதா அறிவிச்சாங்க, அவ காலேஜ் போகும்போது எப்படி இருக்கோ பாப்போம். என்னோடது இப்போதைக்கு ம நல்லா விழுது. ஞாயித்துக்கிழம காலைல பாப்பாவ இங்க அனுப்பி விடுங்க. சார் குடுத்த அந்த பேப்பர் மடிப்புல கிழிஞ்சிருச்சு, புதுசா ஒண்ணு பிரிண்ட் எடுத்து வைக்கறேன்.