இங்க்ஸ்கேப்: ஐகான் வரையப் பழகும் ஒரு மாணவரின் மதிப்புரை

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை, அதே வேலைக்கான கட்டண மென்பொருளான அடோபி இல்லஸ்ட்ரேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி, எந்த வசதி இருக்கிறது, எது இல்லை என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் கருவி மாற்ற நினைக்கும்போது அந்தக் கணக்கு தேவைப்படலாம். வடிவமைப்பு படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கோ வேறொரு கேள்வி முதன்மையானது: இந்தக் கருவியோடு நாள்தோறும் உழைத்தால் என் கண்ணும் கையும் எப்படி வளரும், அந்த வளர்ச்சி நான் செய்ய விரும்பும் வேலைக்கு உதவுமா? பொது இடங்களில் வழிகாட்டும் சித்திரக் குறியீடுகளையும் திரைகளில் பயன்படும் ஐகான்களையும் வரைவதை என் தொழிலாக அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். அந்த விருப்பம் தெளிவடைந்ததில் இங்க்ஸ்கேப்புக்குப் பங்கு இருப்பதால், என் மதிப்பீட்டையும் அந்தக் கேள்வியை வைத்தே சொல்கிறேன்.

இது ஒரு வெக்டர் வரைகலை மென்பொருள்; அதாவது படத்தைப் பிக்சல்களாக இல்லாமல், கணக்கால் வரையறுத்த கோடுகளாகவும் வளைவுகளாகவும் வைத்திருப்பது. சோடிபோடி என்ற திட்டத்திலிருந்து 2003இல் பிரிந்து, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருளாக, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்துவருகிறது. 1.0 என்ற பதிப்பு எண்ணை எட்டவே 2020 மே வரை ஆயிற்று. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை; மாணவர் என்று சான்று காட்ட வேண்டியதில்லை; படிப்பு முடிந்ததும் உரிமம் காலாவதியாகிவிடுமோ என்ற கவலையும் இல்லை. படிப்புக்கும் முதல் வேலைக்கும் இடையில் விழும் மாதங்களில்தான் ஒரு மாணவர் தன் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை ஒழுங்குசெய்கிறார் என்பதால், இந்தக் கடைசி விஷயத்தை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

மென்பொருளின் உயிர் அதன் பேனாக் கருவியில் இருக்கிறது. வெக்டர் மென்பொருள்களுக்கெல்லாம் அடிப்படையான பெசியே வளைகோடு, கார் உடல்களின் வளைவுகளைக் கணக்கில் பிடிப்பதற்காகப் பிறந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோ 1959இலும், ரெனோவில் பியேர் பெசியே 1960களிலும் தனித்தனியே அந்த முறைக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு முனைப் புள்ளிகளும், அவற்றிலிருந்து நீளும் இரண்டு கைப்பிடிகளும் சேர்ந்து ஒரு வளைவை முழுமையாக வரையறுத்துவிடுகின்றன. வட்டத்துக்கு நான்கு புள்ளிகள் போதும். ஒவ்வொரு கைப்பிடியும் ஆரத்தில் சுமார் 55 விழுக்காடு நீளம் இருந்தால், கண்ணால் பிழை காண முடியாத வட்டம் அமைந்துவிடும். இதை வகுப்பில் கேட்டுக் குறித்துக்கொள்வது ஒன்று. ஒரு பறவையின் முதுகு வளைவில் தேவையில்லாத புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்து, புள்ளி குறையக் குறைய வளைவு உறுதிப்படுவதை நேரில் பார்ப்பது வேறு. வளைவு தன் உச்சத்தைத் தொடும் இடத்தில் புள்ளியை வைத்து, கைப்பிடிகளைக் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ நீட்ட வேண்டும் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர்களின் வழக்கம் ஏன் உருவாயிற்று என்பது அப்போது தானாகப் புரிந்துவிடுகிறது.

இதற்கு இங்க்ஸ்கேப் இரண்டு வகையில் உதவுகிறது. ஒரு புள்ளி கூர்மையாகத் திரும்ப வேண்டுமா, வழுவழுப்பாகச் செல்ல வேண்டுமா, இருபக்கமும் சமச்சீராக இருக்க வேண்டுமா என்பதைத் தனித்தனிப் பொத்தான்களாகக் கண்ணெதிரே வைத்திருக்கிறது. நிறங்களையும் நிழல்களையும் உரித்துவிட்டு வெறும் வெளிக்கோடுகளை மட்டும் காட்டும் பார்வையும் உண்டு. அந்தப் பார்வையில் எந்தப் படமும் தப்பிக்க முடியாது. நிறத்தாலும் சாய்வு வண்ணத்தாலும் நன்றாகத் தோன்றிய வேலை அங்கே தன் எலும்பைக் காட்டிவிடும். அலங்காரத்தைச் சேர்ப்பதே வளர்ச்சி என்ற எண்ணத்தோடுதான் மாணவர்களில் பலர் இந்தத் துறைக்குள் வருகிறோம். எதை நீக்கலாம் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்த வெளிக்கோட்டுப் பார்வையிலிருந்துதான் வந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தப் பழக்கத்தை ஆழப்படுத்திக்கொள்ள, அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக உருவாக்கப்பட்ட சித்திரக் குறியீடுகளை இங்க்ஸ்கேப்பில் மீண்டும் வரைந்து பழகுகிறேன். விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் நாம் பார்க்கும் கழிவறை, மின்தூக்கி, பயணப்பெட்டி போன்ற குறியீடுகளில் பலவற்றுக்கு மூலம் அந்தத் தொகுப்புதான். ஏஐஜிஏ என்ற வடிவமைப்பாளர் அமைப்பின் குழு திட்டமிட, ராஜர் குக்கும் டான் ஷனோஸ்கியும் வரைந்த 34 குறியீடுகள் 1974இல் வெளிவந்தன. 1979இல் மேலும் 16 சேர்ந்து 50 ஆயின. யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் மாணவருக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. குழுவினர் அதுவரை உலகின் பல இடங்களில் பயன்பட்டுவந்த குறியீடுகளைத் திரட்டி, மூன்று கோணங்களில் மதிப்பிட்டார்கள்: பொருள் புரிகிறதா, தொகுப்பிலுள்ள மற்றக் குறியீடுகளோடு வடிவத்தில் இசைகிறதா, தொலைவிலிருந்தும் மங்கிய ஒளியிலும் பயன்படுகிறதா. என் வேலையை நானே விமர்சிக்கும்போது இந்த மூன்றையும் தனித்தனியே கேட்கிறேன். ‘நன்றாக இல்லை’ என்ற மங்கலான வருத்தம் அப்போது ‘பொருள் புரிகிறது, ஆனால் பக்கத்துக் குறியீட்டைவிடக் கோடு தடித்திருக்கிறது’ என்ற தெளிவான வேலையாக மாறிவிடுகிறது.

இந்த மூன்றாவது கோணத்துக்கென்றே செய்ததுபோல் ஒரு சிறு சாளரம் இங்க்ஸ்கேப்பில் இருக்கிறது. வரைந்துகொண்டிருக்கும் உருவத்தை 16, 24, 32, 48 எனப் பல பிக்சல் அளவுகளில் அது பக்கவாட்டில் காட்டுகிறது. பெரிய திரையில் பெருமையோடு நிற்கும் ஓர் உருவம் 16 பிக்சலில் கறையாகச் சுருங்குவதை வரையும்போதே பார்த்துவிடலாம். 1984இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷுக்கான ஐகான்களை சூசன் கேர் கட்டம்போட்ட தாளில் 32க்கு 32 என்ற அளவில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்தார். அந்தக் கட்டுப்பாடே அவருடைய ஐகான்களுக்குத் தெளிவைத் தந்தது என்று நம்புகிறேன். இன்றைய திரைகளில் பிக்சல்கள் எவ்வளவு நெருங்கினாலும், ஐகானைப் பார்ப்பவர் அதற்குத் தரும் கவனம் கூடிவிடவில்லை. ஆகவே சிறிய அளவில் சோதிக்கும் ஒழுக்கம் இன்றும் தேவைப்படுகிறது. நான் பணிபுரிய விரும்பும் துறையின் அன்றாடக் கேள்வி இது என்பதால், இந்தச் சிறு சாளரத்தை மென்பொருளின் மிகப் பெரிய வசதிகளுள் ஒன்றாக மதிக்கிறேன்.

மூல உருவத்தோடு இணைந்தே இருக்கும் நகலான குளோன் என்ற வசதியும் குறியீட்டுத் தொகுப்பு வரைபவருக்குப் பெரிதும் பயன்படும். மூலத்தைத் திருத்தினால் அதன் குளோன்கள் அனைத்தும் சேர்ந்து மாறும். ஒரே மனித உருவம் பத்துக் குறியீடுகளில் வருமானால், தலைக்கும் தோளுக்கும் இடையிலான இடைவெளியை ஓரிடத்தில் மாற்றினால் போதும். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஓட்ல் ஐஹர் உருவாக்கிய விளையாட்டுக் குறியீடுகளில் உடலின் உறுப்புகள் எல்லாம் ஒரே கட்டமைப்பில், செங்கோணத்திலும் 45 பாகையிலும் மட்டுமே திரும்பின. தனிப் படங்களை வரைவதற்கும் ஒரு மொழியை வகுப்பதற்கும் உள்ள தொலைவை அந்தத் தொகுப்பில் காணலாம். நான் தொழிலில் எட்ட விரும்பும் உயரமும் அதுவே.

எச்சரிக்கையோடு அணுக வேண்டிய ஒரு வசதி, பிக்சல்களால் ஆன பிட்மேப் படத்தைத் தானாக வெக்டராக்கும் தடமெடுப்பு. கையால் எழுதிய எழுத்தையோ மை தெறித்த கறையையோ அப்படியே கொண்டுவர அது சிறந்த கருவி. ஆனால் வரைந்து பழக வேண்டிய உருவத்துக்கு அதைப் பயன்படுத்தினால், நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைப் பற்றி எந்த முடிவையும் நாம் எடுத்திருக்க மாட்டோம். நேர்காணலில் ‘இந்த வளைவு ஏன் இப்படி?’ என்று யாராவது கேட்டால் சொல்வதற்கும் எதுவும் இருக்காது. 1.3 பதிப்பில் வந்த வடிவம் கட்டும் கருவியைப் பற்றி எனக்கு அந்த அச்சம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வடிவங்களில் வேண்டிய பகுதிகளை மட்டும் தொட்டுச் சேர்க்கவும் கழிக்கவும் அது உதவுகிறது. முடிவு நம் கையிலேயே இருக்கிறது.

இனி கோப்பைப் பற்றி. இங்க்ஸ்கேப் தன் வேலையை எஸ்விஜி வடிவத்தில் சேமிக்கிறது. 2001இல் டபிள்யூ3சி அமைப்பு இணையத்துக்கான தரமாக ஏற்றுக்கொண்ட அந்த வடிவம் அடிப்படையில் வெறும் உரை. மென்பொருளுக்குள்ளேயே இருக்கும், அந்த உரையைக் காட்டும் எக்ஸ்எம்எல் சாளரத்தைத் திறந்தால், நாம் வரைந்த ஒவ்வொரு பாதையும் எண்களின் வரிசையாகத் தெரியும். இங்க்ஸ்கேப் தனக்காகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தகவல்களை நீக்கி, இணையத்துக்கு ஏற்ற சிறிய கோப்பாகவும் ஏற்றுமதி செய்யலாம். கோப்பு உரையாக இருப்பதால், நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் வைத்து, ஒரு குறியீடு வடிவம் மாறிவந்த படிகளையெல்லாம் பாதுகாக்கவும் முடிகிறது. என் போர்ட்ஃபோலியோவில் முடிந்த படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படிகளையும், ஒவ்வொரு படியிலும் எதை ஏன் கைவிட்டேன் என்ற ஒரு வரிக் குறிப்பையும் வைக்கிறேன். புதிதாகப் பணிக்கு எடுப்பவர்கள் முடிவைவிடச் சிந்தனையைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அந்தச் சிந்தனைக்குச் சான்று வைத்திருப்பது நம் பொறுப்பு.

குறைகளும் உண்டு, அவற்றில் சில தொழிலுக்குச் செல்பவருக்குக் கனமானவை. 1.4 பதிப்பு வரை, அச்சுக்குத் தேவையான, நான்கு மைகளை அடிப்படையாகக் கொண்ட சிஎம்ஒய்கே நிறங்களோடு நேரடியாகப் பிடிஎஃப் தயாரிக்க முடியாது. ஸ்க்ரைபஸ் போன்ற வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோய் நிறத்தை மாற்றியாக வேண்டும். மங்கலாக்கும் வடிகட்டிகளை நிறையப் பயன்படுத்திய படங்களில் திரை மெதுவாகிவிடுகிறது, ஐகான் வரைபவரை இது அவ்வளவாகத் தொடாது என்றாலும் விளக்கப்படம் வரைபவரைச் சோதிக்கும். இல்லஸ்ட்ரேட்டர் கோப்பைத் திறக்க, அது பிடிஎஃப் தகவலோடு சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். திறந்தாலும் அடுக்குகளும் விளைவுகளும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்யும் வசதியும் இல்லை. 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் உலாவிக்குள்ளேயே அந்தக் கூட்டு வேலையை இயல்பாக்கிவிட்டது; இன்று இடைமுக வடிவமைப்புக் குழுக்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

ஆகவே வேலைவாய்ப்பு என்ற கோணத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பணி விளம்பரங்களில் இங்க்ஸ்கேப்பின் பெயர் அரிதாகவே வரும். ஃபிக்மா, இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய பெயர்களே வரும், அவற்றையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் புள்ளி, கைப்பிடி, வடிவங்களின் கூட்டல் கழித்தல் ஆகியவை எந்த மென்பொருளிலும் அவையே. அவற்றில் கை பழகியவருக்கு இன்னொரு மென்பொருளின் பொத்தான்கள் இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ள அதிகக் காலம் ஆகாது. பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கோ ஒவ்வொரு மாற்றமும் புதுப் படிப்பாகிவிடும்.

மாணவர் என்ற நிலையிலேயே உண்மையான வேலைக்குள் நுழைய இங்க்ஸ்கேப் திறந்துவைக்கும் வாசலையும் குறிப்பிட வேண்டும். லினக்ஸ் கணினிகளில் பயன்படும் க்னோம் திரைச்சூழலின் ஐகான்களை வரைபவர்கள் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள வரைபடங்களில் ஏராளமானவை இதில் வரையப்பட்டவை. இங்க்ஸ்கேப் திட்டமே புதிய பதிப்புகளின் அறிமுகத் திரைக்குப் படம் தேர்ந்தெடுக்கப் போட்டி நடத்துகிறது. இத்தகைய இடங்களில் பங்களிக்கும்போது, முன்பின் அறியாதவர்கள் நம் வேலையைப் பார்த்து, ‘இது மற்ற ஐகான்களின் கோட்டுத் தடிமனோடு பொருந்தவில்லை’ என்று வெளிப்படையாக எழுதுவார்கள். மதிப்பெண்ணுக்காக இல்லாமல் பயன்பாட்டுக்காகக் கிடைக்கும் அந்த விமர்சனம் வகுப்பறையில் எளிதில் கிடைப்பதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு சிறு ஐகானும் போர்ட்ஃபோலியோவில் கற்பனை நிறுவனத்துக்கு வரைந்த பத்துச் சின்னங்களைவிட எடை கூடியது என்று கருதுகிறேன். அதை யாரோ நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

செயலிகளின் இடைமுகத்தை மட்டுமே குழுவாக வடிவமைக்க விரும்புபவர் ஃபிக்மாவிலிருந்தே தொடங்கலாம். அவருக்கு இங்க்ஸ்கேப் சுற்றுவழியாகத் தோன்றும். அச்சுப் பணியைக் குறிவைப்பவர் நிறக் குறைபாட்டை மனத்தில் கொண்டு முடிவு செய்யட்டும். குறியீடு, சின்னம், எழுத்துரு என்று வடிவத்தின் பக்கம் சாய்பவருக்கு இந்த மென்பொருளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நிறுவியதும் 1974 தொகுப்பிலிருந்து எளிய குறியீடு ஒன்றை எடுத்து, பேனாக் கருவியால் மட்டும், இயன்ற அளவு குறைந்த புள்ளிகளில் வரைந்து பாருங்கள். சிறு அளவுச் சாளரத்தை முதல் கோட்டிலிருந்தே திறந்து வைத்திருங்கள். மற்றக் கருவிகளை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொள்ளலாம்.