சாராயமா, குடுவா?

இலங்கையில் சாராயக் கடைகள் மூடியிருக்கும் போயா (பௌர்ணமி) நாளுக்கு முந்தைய மாலை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் சாராயக் கடை வரிசையைப் பார்த்தால், ஏதோ அரிசி பருப்பு வாங்க நிற்பது போலத்தான் இருக்கும். 21 வயது ஆகியிருந்தால் போதும். குடுவுக்கோ, அதாவது ஹெரோயினுக்கோ, 2 கிராமிலிருந்தே சட்டத்தில் மரண தண்டனை உண்டு. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு கதை.

சரி, ஆபத்து? குடு அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும்; பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. சாராயம் ஈரலை மெல்லத் தின்னும். ஆனால் கடும் குடிகாரர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து சாகவும் கூடும்.

குடுவைக் கடையில் விற்கச் சொல்ல மாட்டேன். பாவிப்பவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். போர்த்துக்கல் 2001இல் அந்தப் பக்கம்தான் திரும்பியது. சாராயத்தைத் தடைசெய்யவும் சொல்ல மாட்டேன், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுபவனுக்குத்தான் கொண்டாட்டம்.