மின்னலைக் கேட்கும் ரேடியோ கிட்: சென்னையில் எவ்வளவு பயன்?

ரிச்சி தெருவில் வாங்கிய இந்த வி.எல்.எஃப். ரேடியோ கிட், மின்னல் எழுப்பும் மிகத் தாழ் அதிர்வெண் அலைகளைப் பிடித்து நேரடியாக இயர்போனில் ஒலியாகத் தருகிறது. சர்க்யூட் போர்டு தரமானது. சால்டரிங் ஓரளவு தெரிந்தவர் ஒரே மாலையில் முடித்துவிடலாம். பேட்டரி உறைதான் மட்டம்.

நகருக்குள் மொட்டை மாடியில் வைத்தால் மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. கோவளம் தாண்டி, மின்கம்பி இல்லாத மணற்பரப்பில் இரவில் ஏரியலை நிமிர்த்தியபோதுதான் கருவியின் அருமை புரிந்தது. தொலைதூர மின்னல்கள் கடுகு வெடிப்பதுபோல் படபடக்க, இடையிடையே 'ட்யூ' எனச் சறுக்கி இறங்கும் குறும் ஓசைகள் கேட்டன. ட்வீக் எனப்படும் இவை, தரைக்கும், காற்று மின்னூட்டம் பெற்றிருக்கும் மேல்வளி அடுக்கான அயனி மண்டலத்தின் அடிப்பரப்புக்கும் இடையே மோதித் திரும்பி நெடுந்தொலைவு வந்த மின்னல் அலைகள். அந்த அடிப்பரப்பு இரவில் சுமார் 85 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், 1.7 அல்லது 1.8 கிலோஹெர்ட்ஸை நெருங்கும் அலைகள் பின்தங்கி வருகின்றன; ஓசை எந்த அதிர்வெண்ணில் முடிகிறது என்பதைப் பதிவுசெய்து அளந்தால் அந்த உயரத்தையே கணக்கிட்டுவிடலாம். இதற்காகவே கிட்டை வாங்கலாம். பகலில் அயனி மண்டலத்தின் அடியில் உருவாகும் 'டி' என்ற அடுக்கு அலைகளை விழுங்கிவிடுவதால், வெயில் நேரத்தில் முயல்வது வீண்.

கையேடு பெரிதாக விளம்பரப்படுத்தும் விஸ்லர் எனும் சீழ்க்கை போன்ற ஒலியைச் சென்னைவாசிகள் எதிர்பார்க்க வேண்டாம். மின்னல் அலையின் ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்து, பூமியின் காந்தப்புலக் கோடுகளின் வழியே விண்வெளியில் பயணித்து மறு அரைக்கோளத்தில் இறங்கும்போது எழுவது அது. அத்தகைய அலைகள், பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்து எலக்ட்ரான்களைத் தடம் மாற்றி வளிமண்டலத்தில் விழச்செய்வதும் உண்டு. ஆனால் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்வதால், நம் தலைக்கு மேலே புலக்கோடுகள் ஏறக்குறையக் கிடைமட்டமாகத் தாழ்ந்தே கிடக்கின்றன; அலைகளை விண்வெளிக்கு ஏற்றிச்செல்ல அவை உதவுவதில்லை. விற்பவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மடிக்கணினியில் இணைத்தால், விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை, ஒலிபரப்பு நடக்கும் வேளைகளில், திரையில் நேர்கோடாகத் தெரிவது எதிர்பாராத லாபம். வலிய மின்னல் அயனி மண்டலத்தின் அடியைக் கலக்கும்போது இத்தகைய அலைகளின் வலு சட்டென மாறுவதை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். அந்த நுட்பத்துக்கு இந்தக் கருவி போதாது.

அட்டையில், இடிமேகத்துக்கு மேலே 50 முதல் 90 கிலோமீட்டர் வரை தோன்றும் ஸ்ப்ரைட் எனும் செந்நிற மின்னொளியின் படம் அச்சாகியிருக்கிறது. கேட்க மட்டுமே உதவும் கருவிக்கு அது எதற்கோ? இடியோசை எட்டும் தொலைவில் ஏரியலுடன் வெட்டவெளியில் நிற்கக் கூடாது என்ற எச்சரிக்கையை உள்ளே எங்கும் காணோம். அடுத்த முறை படத்தை நீக்கிவிட்டு அந்த எச்சரிக்கையை அச்சிடலாம்.