டிரெய்லர் ஹப்புக்கு ஏபி3 கிரீஸ் போதுமா?

பொள்ளாச்சியில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் வீல் பேரிங்குக்கு கிரீஸ் கேட்டால் பெரும்பாலும் ஏபி3 டப்பாவைத்தான் எடுத்து வைப்பார்கள். லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மை என்எல்ஜிஐ அளவுகோலில் 3. கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளாவுக்குத் தேங்காயும் மட்டையும் ஏற்றிப்போகும் டிராக்டர் டிரெய்லருக்கு இது தாராளமாகப் போதும். 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹப் (சக்கர நடுவில் பேரிங் இருக்கும் கூடு) அவ்வளவு சூடாகாது. லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்ட 180 டிகிரியாவது வேண்டும். விலை கூடிய, அதிகச் சூடும் அழுத்தமும் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் ஈபி2, பிக்கப்புக்குப் பின்னால் வேகமாக ஓடி, மலை ரோட்டில் பிரேக் பிடித்தபடி இறங்கும் டிரெய்லருக்குத்தான் பலன் தரும்.

லூஸில் கிடைக்கும் மலிவான சேஸிஸ் கிரீஸை ஹப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கால்சியம் வகை தண்ணீரைத் தாங்கும், ஆனால் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள், அது வெறும் சாயம்.

ஏபி3 தோற்பது தண்ணீரிடம். ஓடிச் சூடான ஹப் வாய்க்காலில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் வெளுத்துப்போகும், பேரிங் துருப்பிடிக்கும். இதற்கு எந்த கிரீஸும் மருந்தல்ல. பயண டிரெய்லர் அச்சு செய்யும் அமெரிக்காவின் டெக்ஸ்டர் 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்குக்குப் புது கிரீஸ் போடச் சொல்கிறது. நம் டிராக்டர் டிரெய்லர் அந்த தூரத்தை எட்டாது. மாதக் கணக்குதான் சரி. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை பிரியுங்கள், சேற்று வயலில் இறங்கும் வண்டியை மழைக்கு முன்பும்.

நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து அடிப்பது சர்வீஸ் ஆகாது. பழைய அழுக்கு உள்ளேயே தங்கும், அழுத்தம் கூடினால் பின்பக்க சீல் பிதுங்கும். பேரிங்கை டீசலில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றில் அதைச் சுழலவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம், ரோலர் கெடும். கப்பில் (பேரிங்கின் வெளி வளையம்) குழியோ நீலம் பாய்ந்த தடமோ இருந்தால் கப், கோன் (ரோலரோடு சேர்ந்த உள் வளையம்) இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து பேரிங்கின் அகலப் பக்கத்தை அழுத்தித் தேய்த்தால், மறுபக்க ரோலர் இடுக்கில் புழு மாதிரி எட்டிப்பார்க்க வேண்டும். அதுவரை விடாதீர்கள். ஹப் குழியை முழுக்க அடைத்தால் சூடுதான் ஏறும், மூன்றில் ஒரு பங்கு போதும். இரண்டு சக்கர டிரெய்லருக்கு ஒரு கிலோ டப்பா மிஞ்சும்.

மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். நட்டைப் பூட்டும் ஸ்ப்ளிட் பின், ஆயில் சீல் இரண்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

கடைக்குப் பழைய பேரிங்கையும் சீலையும் கையோடு கொண்டுபோங்கள். 30211 எண் பேரிங் இல்லை என்று 32211ஐ நீட்டினால் வாங்காதீர்கள். உள்விட்டம் 55 மில்லி, வெளிவிட்டம் 100 மில்லி, இரண்டிலும் ஒன்றுதான். தடிமன் மட்டும் 4 மில்லி கூடுதல். நட் ஸ்ப்ளிட் பின் துளைக்கு வராது.