பதற்றத்துக்கு உதவி: தொலைபேசியா, நேரில் சந்திப்பா?

நடுஇரவில் நெஞ்சு படபடக்கும்போது உளவளத்துணையாளரைத் தேடிப் போக முடியாது. அந்த நேரத்துக்கு இலங்கையில் கைகொடுப்பது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம்தான்; 24 மணிநேரமும் அழைக்கலாம். ஒரு சிக்கல்: வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பக்கத்து அறையில் அம்மா இருக்க, மனம்விட்டு எப்படிப் பேசுவது?

உளவளத்துணையாளரிடம் நேரில் போவது மெதுவானது, ஆனால் வேரைத் தொடுவது. பஸ்ஸில் ஏறவே அஞ்சும் ஒருவரை, “பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட மாட்டார்கள். ‘மயங்கி விழுந்துவிடுவேன்’ என்ற நினைப்பை எழுத வைப்பார்கள். உண்மையில் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று கேட்பார்கள். அப்புறம் படிப்படியாகப் பயிற்சி: முதலில் கொழும்பு காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் சும்மா நிற்பது, பிறகு பம்பலப்பிட்டி வரை மட்டும் போவது. படபடப்பு உச்சத்துக்கு ஏறித் தானாகவே இறங்குவதை உடம்பு அங்கேதான் பழகுகிறது. அவசர அழைப்பு ஒன்றில் இதைச் செய்ய முடியாது.

செலவு? அரச வைத்தியசாலையில் இலவசம், காத்திருக்க வேண்டும். தனியாரிடம் கட்டணம். எங்கே போனாலும் தமிழில் பேசுபவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மாதக்கணக்கில் இழுபடும் பதற்றம் என்றால் நேரில் போகவே சொல்வேன். முதல் சந்திப்புக் கிடைக்கும்வரை 1926ஐ போனில் பதிந்து வையுங்கள்.