தாழ்வாரத் தொட்டிக்குத் துளசியா, கற்பூரவள்ளியா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரே ஒரு மூலிகைத் தொட்டிக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு கற்பூரவள்ளிக்கு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வளர்த்த பிறகு சொல்கிறேன். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சளி, இருமல் என்றால் வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும்தான் சொல்வார்கள். மணம் அவரவர் விருப்பம். பூசைக்குத் துளசிதான், அதில் போட்டியே இல்லை. வெயில் கணக்கும் எளிது. துளசிக்கு அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். கற்பூரவள்ளி காலை வெயில் கொஞ்சம் பட்டாலே சமாளித்துக்கொள்ளும். நிழல் கூடினால் தண்டு நீண்டு, இலை மெலிந்து, வாசனை குறையும். அவ்வளவுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு.

துளசி இலை மெல்லியது. சின்னத் தொட்டியில் காலையில் தண்ணீர் விட மறந்தால் மாலைக்குள் தலை கவிழ்ந்துவிடும். தினமும் ஊற்றினால் தாழ்வாரமெல்லாம் ஈரம், பக்கத்து வீட்டு மாமி வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம். சரி, ஒரு தட்டு வைப்போம் என்று தோன்றும். அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீர்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் போதும் என்றும் விட முடியாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கி சோதனைக்கு வரும் அதிகாரிகள் தட்டைத் தூக்கிப் பார்க்காமல் போக மாட்டார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் தட்டோடு சேர்த்து, இறுகிப்போன தொட்டி மண்ணையும் கிளறிவிடச் சொல்கிறது, மண்ணுக்கு மேலேயே நீர் நிற்கும் என்பதால். ஜூன் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இந்த வேலை முழுவதையும் யாரிடம் ஒப்படைப்பது?

கற்பூரவள்ளிக்குத் தட்டே தேவையில்லை. தடித்த இலையும் சதைப்பற்றான தண்டும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் விட்டு, நன்றாக வடிந்ததும் மறுபடி வாசலில் வைக்கலாம். நீர் போதுமானால் இலை விறைப்பாக இருக்கும், மடித்தால் பட்டென்று ஒடியும். தாகம் வந்தால் துவண்டு தொங்கும். ஒரு வாரம் விட்டுப் போனாலும் பெரும்பாலும் தாங்கும்.

இதற்கு எமன் அதிகத் தண்ணீர்தான். தண்டின் அடி கறுத்துக் குழைந்தால் வேர் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கடையில் வாங்கும் மண்ணில் கொஞ்சம் மணலோ, பெர்லைட் என்கிற லேசான வெள்ளைத் துகளோ கலந்தால் நீர் நிற்காது. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழைச் சாரல் தாழ்வாரம் வரை அடிக்கும்போது சுவரோரம் தள்ளி வையுங்கள். அழுகினாலும் செடி போய்விடாது. நல்ல பகுதியில் நான்கு விரல் நீளத்துக்குக் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு ஊன்றினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். துளசியில் கதிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விதை வைக்க விட்டால் தண்டு கட்டையாகி இலை சிறுத்துவிடும். நான் வளர்த்தது பச்சைத் துளசி மட்டுமே, கிருஷ்ண துளசி இதைவிடப் பொறுமைசாலியாக இருக்கலாம்.

சமையலிலும் கற்பூரவள்ளிக்குத்தான் வேலை அதிகம். பஜ்ஜி, துவையல், ரசம் மூன்றுக்கும் ஆகும். பக்கத்துச் சுமத்ராவில் பாத்தாக் மக்கள் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க இதைக் குழம்பாகவே வைத்துக் கொடுக்கிறார்கள். இங்கே கைக்குழந்தைக்குச் சாறு கொடுக்க நினைப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் துளசி முந்துகிறது. அது நேராக வளரும், கற்பூரவள்ளி பக்கவாட்டில் படரும். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பதால் கிளை தொட்டியைத் தாண்டியதும் வெட்டிவிடுகிறேன். மாவுப்பூச்சி இரண்டிலும் வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இலைக்கவட்டைத் துடைத்தால் போகும்.

வாசலில் துளசி இல்லாமல் முடியாது என்கிற வீடானால், தாராளமாக வையுங்கள். தட்டு மட்டும் வேண்டாம், அதற்கும் குளியலறை வழிதான்.