பிரான்சில் தயார்நிலைக் கூடாரம்: முதன்முறை போகும் குடும்பத்துக்கு அது எவ்வளவு உதவும்?

கூடாரம் அடித்துப் பழக்கமில்லாத, அதற்கான பொருள் எதையும் வாங்கி வைத்திராத ஒரு லண்டன் குடும்பம் பிரான்சில் கூடார விடுமுறை எடுக்க நினைத்தால், இங்கிருந்தபடியே பதிவு செய்யக்கூடிய தயார்நிலைக் கூடாரச் சேவைதான் கைவசமுள்ள எளிய வழி. முகாம் மைதானங்களில் நிறுவனமே இடம் எடுத்து, பருவம் தொடங்குமுன் கூடாரங்களை அடித்து, கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, எரிவாயு அடுப்பு, பாத்திரம், மேசை, நாற்காலி எல்லாம் வைத்துவிடுகிறது. நாம் படுக்கை விரிப்புகளோடு காரில் போய் இறங்கினால் போதும். அப்படியொரு நிறுவனத்தின் வழியாக, மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையில், அட்லாண்டிக் கரையில் வாந்தே மாவட்டத்தின் சென் ஜோன் து மோன் பகுதிக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். கூடாரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பயணத்துக்கு முன் நிறுவனம் அனுப்பும் தகவல்களில்தான் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.

முதலில் கூடாரம். தடித்த கான்வஸ் துணி. நிலத்திலிருந்து சற்று உயர்த்திய பலகைத் தளம். உள்ளே ஜிப் வைத்துப் பிரித்த இரண்டு படுக்கையறைகள். இரவு முழுக்க மழை பெய்தும் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. ஆனால் விடியும்போது துணியின் உட்புறத்தில் ஈரம் பூத்து நிற்கும் என்பதால், பைகளையும் உடுப்புகளையும் சுவரோடு சாத்தி வைக்கக் கூடாது. மே மாதத்தில் அந்தக் கரையோரத்தில் இரவு நன்றாகவே குளிரும். நிறுவனம் தரும் மெல்லிய போர்வை முதியவர்களுக்குப் போதாது. சமையல் பாத்திரங்கள் பாஸ்தா அவிக்கும் வீட்டுக்காகத் தேர்ந்தவை. இருப்பதில் பெரிய சட்டியில் ஆறு பேருக்குச் சோறு வடிக்க முடியாது, கத்தியோ வெங்காயத்தை வெட்டுவதை விட நசுக்கவே செய்தது. நல்ல கத்தி ஒன்றையும் வீட்டுச் சட்டி ஒன்றையும் எடுத்துப் போவது நல்லது.

மின்சாரம் பற்றித் தகவல் ஏட்டில் இருந்தது ஒரே வரி: ‘மின் இணைப்பு உண்டு.’ எத்தனை ஆம்பியர் என்பதல்லவா முக்கியம்? பிரெஞ்சு முகாம்களில் 6 அல்லது 10 ஆம்பியர் இணைப்பு வழக்கம். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் மொத்தம் 1,380 வாட்தான். லண்டன் வீடுகளில் இருக்கும் 3,000 வாட் கேத்திலைச் செருகினால் அந்தக் கணமே மின்சாரம் விழுந்துவிடும். 700 வாட் ரைஸ் குக்கர் தாங்கும், ஆனால் அது வேகும்போது கூடவே கிரைண்டரைப் போடக் கூடாது. தண்ணீரை எரிவாயு அடுப்பில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுச் செருகிக்கான அடாப்டரையும் மறக்கக் கூடாது. கரி அடுப்பில் இறைச்சி வாட்டலாம் என்று திட்டமிடுவோர் முகாமின் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தீ அபாயம் கருதிப் பல முகாம்கள் கரியைத் தடுத்து, எரிவாயு அல்லது மின் அடுப்பை மட்டுமே அனுமதிக்கின்றன.

நீச்சல் குளம்தான் பிள்ளைகளுக்கு முழு விடுமுறையும். பொருட்பட்டியலில் ‘நீச்சலுடை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பிரெஞ்சுக் குளங்களில், சுகாதாரக் காரணம் சொல்லி, ஆண்களும் பையன்களும் உடலோடு ஒட்டிய நீச்சலுடைதான் அணிய வேண்டும் என்பது பரவலான விதி. முழங்கால்வரை தொங்கும் அரைக்காற்சட்டையோடு வந்த பையன்களைக் காவலர் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நம் பெண்கள் பலர் டீ-சர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவார்கள்; அதுவும் அங்கே நடக்காது. முகாம் கடையில் இரட்டை விலை கொடுக்காமல் புறப்படுமுன்பே வாங்கிவிடலாம்.

எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது விசா விடயத்தில். வீட்டில் எல்லோரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் தொல்லை குறைவு: உள்ளே நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு பத்து ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஆனால் நம் குடும்பங்களில் அம்மம்மாவோ புதிதாக வந்த மருமகளோ இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பது சாதாரணம். அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதியும் தங்குமிடச் சான்றும் வேண்டும். நிறுவனம் அனுப்பிய பதிவுச் சான்றில் பணம் கட்டியவரின் பெயர் மட்டுமே இருந்தது. மற்றவர்கள் ‘பெரியவர், சிறுவர்’ என்று எண்ணிக்கையாக நின்றார்கள். எல்லாப் பெயரும் போட்ட கடிதம் ஒன்றுக்காகத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் வேறொருவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், முன்பணம் கட்டும் அன்றே இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டி பற்றியும் ஏட்டில் எதுவும் இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஏற்பாட்டிலிருந்து விலகிய 2021 முதல், பயணிகள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பொரித்த கோழி, தயிர், நெய் எதுவும் கூடாது. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் அது தேவையில்லை. மீனுக்குத் தனிக் கணக்கு: ஆளுக்கு 20 கிலோவரை விடுகிறார்கள், ஆகவே கருவாடு போகலாம். கூடாரத் துணிக்குள் அதைப் பொரிப்பதா என்பதைப் பக்கத்துக் கூடாரக்காரர்களை நினைத்து முடிவு செய்யுங்கள். அரிசி, மா, தூள்களை லண்டனிலிருந்தே எடுத்துப் போகலாம். பாரிஸ் லாச்சப்பலில் உள்ள தமிழ்க் கடைகளை நம்பிப் பாதை மாற்ற வேண்டாம், அது வழியில் இல்லை.

பயணம் சுலபம். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே வந்துவிடும், பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறுமுன்பே முடிந்துவிடும். அங்கிருந்து முகாமுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பிள்ளைகளோடு ஒரே மூச்சில் போகாமல் ரூவான் அல்லது லு மான் பக்கம் ஓரிரவு தங்குவது உசிதம். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காரில் கட்டாயம் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேக எல்லை மணிக்கு 130 கிலோமீட்டர், மழையென்றால் 110.

முகாமில் இருந்த நிறுவனப் பிரதிநிதிப் பெண்ணை மட்டும் மனம் திறந்து பாராட்டுவேன். நுவார்முத்தியே தீவுக்குக் கடலடியில் நாளுக்கு இருமுறை மூழ்கும் பாஸாஜ் து குவா என்ற நான்கு கிலோமீட்டர் சாலை இருக்கிறது. நீர்வற்று நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும்தான் அதில் போகலாம். அன்றைய நேரத்தைத் தாளில் எழுதி, தவறினால் பாலத்தால் திரும்பும் வழியையும் வரைந்து தந்தார்.

பெரியவர்களுக்கான சுற்றுலா வரியும் வைப்புத்தொகையும் பதிவு விலையில் அடங்கவில்லை. கூடாரத்துக்குள் கழிப்பறை கிடையாது. பொதுக் கட்டடத்துக்கு இரவில் டார்ச்சோடு நடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மம்மாவோ கைக்குழந்தையோ கூட வந்தால், அதே முகாமில் கழிப்பறையோடு கிடைக்கும் மொபைல் ஹோம் என்ற சிறு வீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே சரி.